மல்டிஎஃப்டி 8 சேனல் வைத்ததும் மைக்ரேஷன் நகரவில்லை: பதில்

ஓடும் விஎம்மை (மெய்நிகர் கணினி) ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதுதான் மைக்ரேஷன்; அதன் மெமரியைப் பல இணைப்புகளில் (சேனல்) பிரித்து அனுப்புவது மல்டிஎஃப்டி. அதில் 8 சேனல் வைத்ததும் பிழைச் செய்திகூட இல்லாமல் நகராமல் நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அனுப்பும் சர்வரிலும் சேனல் எண்ணிக்கையை 8 ஆக்குங்கள். நீங்கள் போட்டிருக்கும் கட்டளைகளில் பெறும் பக்கம் மட்டும்தான் 8. அனுப்பும் பக்கம், விஎம்மை ஓட்டும் மென்பொருளான கியூஎமுவின் இயல்பான 2-லேயே நிற்கிறது. மீதி 6 வரும் என்று பெறும் பக்கம் காத்துக் கிடக்கிறது. அதனால்தான் பிழைச் செய்தியும் இல்லை.

பெறும் சர்வரில், இணைப்புகளைக் காட்டும் எஸ்எஸ் (ss) கட்டளை கொடுத்து மைக்ரேஷன் போர்ட்டில் எத்தனை இணைப்பு என்று எண்ணுங்கள். சேனல் 8, முதன்மை இணைப்பு 1, மொத்தம் 9 இருக்க வேண்டும். 3 தான் (சேனல் 2, முதன்மை 1) என்றால் காரணம் இதுதான், சந்தேகமே வேண்டாம். எல்லாம் ஒரே போர்ட் என்பதால் ஃபயர்வாலைக் குடையாதீர்கள். தர்மபுரியில் எங்கள் லேபில் ஒரு மதியம் முழுக்க அதைத்தான் குடைந்தேன்!

அப்புறம், சிங்க்கை, அதாவது சேனல்கள் ஒன்றுக்கொன்று காத்து நிற்பதை, அணைக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. ஒரே மெமரிப் பக்கம் முதல் சுற்றில் ஒரு சேனலிலும், மாறிய பிறகு அடுத்த சுற்றில் வேறு சேனலிலும் போகலாம். தொப்பூர் கணவாயில் சிக்கிய முதல் லாரி, பின்னால் கிளம்பியதற்கும் பிறகு வந்து சேர்ந்த கதையாக, பழைய பக்கம் புதியதன் மேல் எழுதிவிடும். அதற்காகத்தான் சுற்று முடிவில் எல்லாச் சேனலும் வந்து சேரும்வரை நிற்கிறது. கியூஎமு 8.1-க்கு முந்தைய மெஷின் டைப் (விஎம்முக்குக் கொடுக்கும் வன்பொருள் வகை) என்றால் இந்த நிறுத்தம் இன்னும் அடிக்கடி வரும்.

பெறும் பக்கத்தை இன்கமிங் டிஃபர் (-incoming defer, உடனே இணைப்பை ஏற்காமல் தொடங்குவது) என்று தொடங்கி, எண்ணிக்கையை வைத்த பிறகே இணைப்புகளை ஏற்கச் சொல்லுங்கள். இப்போது தொங்குவதை மைக்ரேட் கேன்சல் கொடுத்து நிறுத்துங்கள். அனுப்பும் பக்கத்து கியூஎமுவைக் கில் செய்துவிடாதீர்கள், விஎம் இன்னும் அங்கேதான் ஓடுகிறது.