புரோபேட் நீதிபதிக்குப் பதில் நீதிபதி: கனெக்டிகட் கேள்வி பதில்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உயில், சொத்து விவகாரம் பார்க்கும் வக்கீல் அலுவலகம் ஒன்றில் பல வருடமாக ஃபைல் சுமக்கிறேன். இந்த விவகாரங்களை விசாரிக்கும் கோர்ட்டுக்குத்தான் இங்கே 'புரோபேட்' கோர்ட் என்று பெயர். நான் வக்கீல் இல்லை. "உங்கள் விசாரணைக்கு வேறு நீதிபதி வருவார்" என்று கடிதம் வந்து பயந்துபோனவர்கள் கேட்டவற்றுக்கு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஸ்டாம்ஃபோர்ட் வாசகர்: அப்பாவின் உயிலை விசாரிக்க வெளியூர் நீதிபதி வருகிறாராம். ஏதாவது சிக்கலா அக்கா?

சிக்கல் வராமல் இருக்கத்தான் தம்பி இந்த ஏற்பாடு. இந்த மாநிலத்தில் 54 புரோபேட் மாவட்டங்கள். 2011-க்கு முன்னால் 117 இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நீதிபதி. நான்கு வருடத்துக்கு ஒருமுறை, அரசியல் கட்சி சார்பில் நின்று, ஊர்க்காரர்கள் ஓட்டில் ஜெயித்து வருபவர். பலர் அதே ஊரில் வக்கீல் தொழில் பார்த்தவர்கள், இன்னும் பார்ப்பவர்களும் உண்டு. அப்புறம் என்ன ஆகும்? ஒரு தடவை உயிலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். எழுதிக்கொடுத்த வக்கீல் என்று இருந்தது நீதிபதியின் பெயர்! நீதிபதி ஆவதற்கு முன் எழுதியது. தான் எழுதிய உயில் செல்லுமா என்று தானே தீர்ப்புச் சொல்ல முடியுமா? உடனே விலகிக்கொண்டார்.

நியூ ஹேவன் வாசகி: விலகுகிறவர் தனக்கு வேண்டியவரை உட்கார வைக்கலாமே?

முடியாது. அதை முடிவு செய்பவர் புரோபேட் கோர்ட் நிர்வாகி. அவரை நியமிப்பவர் மாநிலத் தலைமை நீதிபதி. வேறு மாவட்டத்தில் பதவியில் இருக்கும் இன்னொரு புரோபேட் நீதிபதியை நிர்வாகி அழைப்பார். இதற்கு இங்கே 'சைட்டேஷன்' என்று பெயர். முதன்முதலில் கேட்டபோது ஏதோ டிராஃபிக் அபராதச் சீட்டு என்று நினைத்தேன். "இவர்தான் வேண்டும்" என்று வழக்கில் உள்ள தரப்பினர் கேட்டு வாங்கவும் முடியாது. எனக்கு இந்த முறையில் பிடித்ததே அதுதான்: ஆளைத் தேர்ந்தெடுப்பது விலகுகிற நீதிபதியும் இல்லை, வழக்கில் உள்ளவர்களும் இல்லை.

ஹார்ட்ஃபோர்ட் வாசகர்: கலிஃபோர்னியாவில் என் மச்சான் வழக்கை ஒரு வக்கீலே நீதிபதியாக இருந்து கேட்டாராம். உண்மையா?

உண்மைதான். அங்கே இரு தரப்பும் சம்மதித்தால் வக்கீல் ஒருவர் தற்காலிக நீதிபதியாக இருக்க அந்த மாநில அரசியலமைப்பே இடம் தருகிறது. கோர்ட் நியமிக்கும் வக்கீலுக்குப் பொதுவாக வக்கீலாகப் பதிவு செய்து 10 வருடம் ஆகியிருக்க வேண்டும், பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். சம்மதிக்க மாட்டேன் என்று மச்சான் சொல்லியிருக்கலாம்.

இங்கே அதற்குக் கொஞ்சம் நெருக்கமானது ரெஃப்ரி முறை. எல்லாத் தரப்பும் சம்மதித்தால், முன்னாள் புரோபேட் நீதிபதியிடமோ அனுபவமுள்ள வக்கீலிடமோ வழக்கை அனுப்புவார்கள். அவர் விசாரித்து அறிக்கைதான் தருவார், தீர்ப்பு நீதிபதியுடையது. ஆகவே சம்மதக் கடிதம் வந்தால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

டான்பரி வாசகி: எங்கள் நீதிபதிக்கு 70 வயது ஆகப்போகிறது. வழக்கு முதலிலிருந்து தொடங்குமா?

70 ஆனால் பதவியில் நீடிக்க மாநில அரசியலமைப்பு விடாது. பதவிக்காலம் நடுவில் இடம் காலியானால் ஆளுநர் சிறப்புத் தேர்தல் அறிவிப்பார், அதுவரை வேறொரு நீதிபதி பார்ப்பார். உங்கள் ஃபைல் அதே அலமாரியில், அதே கிளார்க்கிடம்தான் இருக்கும். பாதி சாட்சி கேட்ட வழக்கு என்றால் மட்டும் உங்கள் வக்கீலிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: நீதிபதியும் என் அண்ணனும் ஒரே கோல்ஃப் கிளப். இவர் விலக வேண்டும் என்று நான் கோர்ட்டில் சொல்லலாமா?

தாராளமாக. எழுத்தில், காரணத்தோடு, விசாரணைக்கு முன்பே கொடுங்கள். தீர்ப்பு எதிராக வந்த பிறகு கோல்ஃப் ஞாபகம் வந்தால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

அதே ஸ்டாம்ஃபோர்ட் வாசகர்: அப்படியானால் அன்று நான் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

கடிதத்தில் எந்த முகவரி போட்டிருக்கிறதோ அங்கே. சந்தேகமாக இருந்தால் உங்கள் ஊர் கோர்ட் கிளார்க்குக்கு ஒரு போன் போடுங்கள்.