படங்கள் பக்கத்து ஸ்டைல்ஷீட் அந்தப் பக்கத்தில் மட்டும் ஏற

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அண்ணே, வாப்பா கடைக்கு நானே பிஹெச்பியில் ஒரு தளம் செய்திருக்கிறேன். தொதல், கருப்பட்டி, ஓலைக் கொட்டான் விற்கிறோம். முகப்பு, படங்கள், ஆர்டர், தொடர்பு என்று நாலு பக்கம். ஹெட் பகுதி முழுக்க ஹெடர் கோப்பில் இருக்கிறது, எல்லாப் பக்கமும் அதை இன்க்ளூட் செய்கிறது. படங்கள் பக்கத்துக்கு மட்டும் தனியாக ஒரு சிஎஸ்எஸ் கோப்பு (ஸ்டைல்ஷீட்) உண்டு. அதை ஹெடரில் போட்டால் ஆர்டர் பக்கத்துப் பட்டன்கள் உருமாறுகின்றன. படங்கள் பக்கத்திலேயே, ஹெடருக்குக் கீழே போட்டால், பக்கம் ஒரு நொடி கலைந்து தெரிந்து அப்புறம் சரியாகிறது. எங்கே போடுவது?"

தம்பி, நீங்கள் பார்த்த இரண்டு கோளாறும் உண்மையானவை. கோப்பு ஹெட் பகுதியில்தான் ஏற வேண்டும், ஆனால் அது ஏற வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்தப் பக்கம் சொல்ல வேண்டும். ஹெடரைக் கூப்பிடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

நம் கரையில் நண்டுக்குப் போகிற வல்லத்தில் நண்டு வலைதான் ஏறும். சூடை வலை கரையில் கிடக்கும். எந்த வலை என்பது வல்லத்தைத் தள்ளுவதற்கு முன்பே முடிவாகிவிடும். பிஹெச்பியும் மேலிருந்து கீழாக வரி வரியாக ஓடுவது. ஹெடர் கோப்பு ஓடி முடிந்தபின் "எனக்கு இந்த ஸ்டைல்ஷீட் வேண்டும்" என்று பக்கம் கேட்டால், ஹெட் பகுதி அதற்குள் எழுதி முடிந்திருக்கும்.

அதனால் படங்கள் பக்கத்தின் முதல் வரியே இப்படி இருக்கட்டும்:

$பாணிகள் = ['படங்கள்'];

இதற்கு அடுத்த வரியில் ஹெடரை ரிக்வயர் செய்யுங்கள். மாறியின் (வேரியபிளின்) பெயரைத் தமிழில் வைத்ததைப் பார்த்துத் திகைக்க வேண்டாம், பிஹெச்பி அதை ஏற்றுக்கொள்ளும். கோப்பை யூடிஎஃப்-8 ஆக, பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் சேரும் கண்ணுக்குத் தெரியாத குறி) இல்லாமல் சேமித்தால் போதும். ஆனால் அடைப்புக்குறிக்குள் வருவது சிஎஸ்எஸ் கோப்பின் பெயர். இங்கே விளக்கத்துக்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன், உங்கள் கோப்புப் பெயர்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில் வையுங்கள். காரணம் கீழே வருகிறது.

ஹெடர் கோப்பில் முதலில் எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான ஸ்டைல்ஷீட்டின் லிங்க் டேக். அதற்குக் கீழே ஒரு ஃபார்ஈச் சுற்று: $பாணிகள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஒரு லிங்க் டேக் எழுது. இந்த வரிசை முக்கியம். இரண்டு விதிகளுக்கும் ஒரே பலம் இருந்தால், கடைசியாக வந்ததைத்தான் பிரவுசர் எடுத்துக்கொள்ளும். பொதுக் கோப்பு பின்னால் வந்தால், படங்கள் பக்கத்துக்கென்று நீங்கள் எழுதியதை அது அழித்துவிடும்.

தொடர்பு பக்கத்துக்குத் தனிக் கோப்பு எதுவும் தேவையில்லை, அதில் $பாணிகள் என்ற வரியே இருக்காது. அங்கே ஹெடர் ஓடும்போது "மாறி இல்லை" என்று எச்சரிக்கை வரும். ஹெடரின் தலைப்பிலேயே, பட்டியல் வரவில்லை என்றால் வெற்றுப் பட்டியலாக வைத்துக்கொள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். 2015 டிசம்பரில் வந்த பிஹெச்பி 7 முதல், இரட்டைக் கேள்விக்குறியால் (??) இதை ஒரே வரியில் முடிக்கலாம். இன்னொன்று, ஹெடரை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து இன்க்ளூட் செய்திருந்தால் வெளியே வைத்த மாறி உள்ளே தெரியாது. அப்போது பட்டியலை அந்த ஃபங்ஷனுக்கே கையில் கொடுக்க வேண்டும்.

ஒரு நொடி கலைந்து தெரிவதற்கும் காரணம் இந்த வரிசைதான். ஹெட் பகுதியில் உள்ள ஸ்டைல்ஷீட் வந்து சேரும் வரை பிரவுசர் திரையில் எதையும் வரையாது, காத்திருக்கும். நீங்கள் பாடி பகுதிக்குள் போட்டதால், அதைப் பார்ப்பதற்குள் பிரவுசர் வரையத் தொடங்கிவிட்டது. கோப்பு வந்ததும் மறுபடி வரைகிறது. இதையே திருப்பிப் பார்த்தால், எல்லாப் பக்கத்திலும் எல்லாக் கோப்பையும் ஏற்றுவது ஏன் தவறு என்பதும் புரியும். உங்களிடம் தொதல் வாங்குபவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் உட்கார்ந்து, ஒரு கோடு சிக்னலில் ஆர்டர் பக்கத்தைத் திறக்கிறார் என்று வையுங்கள். படங்கள் பக்கத்துக்கான சிஎஸ்எஸ் இறங்கி முடியும் வரை அவர் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தேவையே இல்லாத கோப்புக்காக.

எல்லோரும் இப்படிப் பிரிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எல்லா சிஎஸ்எஸ்ஸும் சேர்ந்து, சுருக்கிய பிறகு, பத்துப் பதினைந்து கேபிக்குள் அடங்கினால் ஒரே கோப்பாக வைப்பது நல்லது. முதல் பக்கத்தில் ஒருமுறை இறங்கினால் மற்றப் பக்கங்களுக்கு கேஷிலிருந்தே, அதாவது பிரவுசர் சேமித்து வைத்த நகலிலிருந்தே, கிடைத்துவிடும். அப்போது ஒவ்வொரு பக்கத்தின் பாடி டேக்கிலும் அந்தப் பக்கத்தின் பெயரில் ஒரு கிளாஸ் போட்டு, விதிகளை அதற்குள் அடக்கினால் பட்டன் தகராறு வராது. ஆனால் படங்கள் பக்கத்துக்குப் பெரும்பாலும் வேறு யாரோ எழுதிய கேலரி லைப்ரரிதான் வரும். அது கனமாக இருக்கும், அதன் கிளாஸ் பெயர்களும் நம் கையில் இல்லை. அதைத் தனியாக வைப்பதே சரி.

அடுத்தது பாதை. தம்பி, அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. மண்டபத்தில் ஒரு படகுக்காரருக்கு நான் தளம் செய்து கொடுத்தபோது, வீட்டு விண்டோஸ் கணினியில் எல்லாம் அழகாக ஓடியது. இரவில் சர்வரில் ஏற்றினேன். காலையில் பாம்பனில் ஒரு டீக்கடையில் நின்று போனில் திறந்தால் நிறமில்லை, கட்டமில்லை, நீல நிற லிங்க்குகள் மட்டும் ஒன்றின்கீழ் ஒன்றாக நின்றன. வீட்டுக்கு வந்து பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்தேன். சிஎஸ்எஸ் கோப்பின் பெயர் சிவப்பில், பக்கத்தில் 404, அதாவது கோப்பு கிடைக்கவில்லை. கோப்புப் பெயரின் முதல் எழுத்து பெரிய எழுத்து, என் கோடில் சின்ன எழுத்து. விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது. லினக்ஸ் சர்வருக்கு அவை இரண்டு வேறு கோப்புகள். ஆங்கிலச் சிற்றெழுத்து என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

லிங்க் டேக்கில் பாதையைச் சாய்கோட்டில் (/) தொடங்குங்கள். அப்போது நாளைக்கு ஆர்டர் பக்கத்தை ஒரு துணை ஃபோல்டருக்கு மாற்றினாலும் பாதை உடையாது. சொந்தக் கணினியையே சர்வராக்கும் எக்ஸாம்ப் (XAMPP) மென்பொருளில் வேலை செய்தால் ஒரு சிக்கல் உண்டு: லோக்கல்ஹோஸ்டில் தளம் ஒரு துணை ஃபோல்டருக்குள் இருக்கும், சாய்கோடு அதற்கும் மேலே போய்த் தேடும். தளத்தின் வேர்ப்பாதையை ஒரே ஒரு கான்ஃபிக் கோப்பில் எழுதி, எல்லா லிங்க்குக்கும் முன்னால் அதைச் சேருங்கள். வீட்டில் ஒரு மதிப்பு, சர்வரில் ஒரு மதிப்பு.

விலைப்பட்டியலின் நிறத்தை மாற்றியபின்னும் வாடிக்கையாளர் போனில் பழையதே தெரிந்தால், அது கேஷ். கோப்புப் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியும், கோப்பு கடைசியாக மாறிய நேரமும் வருமாறு செய்யுங்கள். அந்த நேரத்தை ஃபைல்எம்டைம் (filemtime) என்ற பிஹெச்பி ஃபங்ஷன் தரும். அதற்கு வலை முகவரியைக் கொடுக்காதீர்கள், சர்வர் டிஸ்க்கில் கோப்பு இருக்கும் பாதையைக் கொடுக்க வேண்டும்.

பக்கத்தின் பெயரை முகவரிப் பட்டையிலிருந்து எடுத்து அப்படியே கோப்புப் பெயராக்கும் குறுக்குவழி ஒன்று பழக்கத்தில் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். முகவரியில் யார் வேண்டுமானாலும் எதையும் தட்டலாம், அது அப்படியே உங்கள் பக்கத்துக்குள் எழுதப்பட்டுவிடும்.

எல்லாம் முடிந்ததும் இன்காக்னிட்டோ சாளரத்தில் தளத்தைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் சிஎஸ்எஸ் மட்டும் என்று வடிகட்டி, வேகத்தை 3ஜிக்குக் குறையுங்கள். படங்கள் பக்கத்தில் இரண்டு வரி, ஆர்டர் பக்கத்தில் ஒரே வரி தெரிய வேண்டும். ஆர்டரிலும் இரண்டு வரி வந்தால், ஹெடரில் நீங்கள் முன்பு போட்ட பழைய லிங்க் டேக் இன்னும் அங்கேயே இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள்.