ஸ்டுட்கார்ட் போன சேரன்மாதேவித் தம்பிக்கு

தம்பி, நீ எழுதினதை நிதானமாப் படிச்சேன். "அண்ணாச்சி, இங்க ஜெர்மனியில ஒருத்தரும் முகங்கொடுத்துப் பேச மாட்டேங்காங்க. எதுத்த வீட்டுக்காரர் பேரு கூடத் தெரியல. ஞாயித்துக்கிழமை ஒரு கடை திறக்கல. நம்மளை இவங்களுக்குப் பிடிக்கலையா? நீங்க எப்படி இத்தனை வருசம் தாக்குப் பிடிச்சீங்க?"ன்னு கேட்டிருக்க. கூடவே சம்பளத்துல என்ன மிஞ்சும், லைசென்ஸ் செல்லுமா, புழுங்கலரிசி எங்க கிடைக்கும்னும் கேட்டிருக்க.

நான் இப்ப லீவுல அம்பாசமுத்திரத்துல இருக்கேன். அதனால சாவகாசமா எழுத முடியுது. கடைசியா கேட்டதை முதல்ல முடிச்சிருதேன். அரிசி ஈழத்தமிழர் கடையில கிடைக்கும், கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கூட வரும். நம்ம ஊர் லைசென்ஸ் 6 மாசம்தான் செல்லும், பெறகு எழுத்துத் தேர்வு, வண்டி ஓட்டுற தேர்வு ரெண்டும் தேறணும். மிச்சக் கணக்கு உன் கூட வேலை பாக்கறவங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். நான் சொல்ல வேண்டியது உன் முதல் கேள்விக்குத்தான்.

பிடிக்காம இல்ல, தம்பி. நம்ம ஊர்ல பஸ்ல பக்கத்துல உக்காந்தவர்கிட்ட பத்தமடை தாண்டறதுக்குள்ள எந்த ஊரு, என்ன வேலை, எத்தனை பிள்ளைகன்னு எல்லாம் விசாரிச்சு முடிச்சிருவோம். அப்படி விசாரிக்கறதுதான் நமக்கு அன்பு. அங்க கேட்டாத் தலையிடுதான்னு நினைப்பாங்க. ஆனா படியில எதுக்க வந்தா, லிப்டுல ஏறினா, டாக்டர்கிட்ட காத்திருக்கிற அறைக்குள்ள நுழைஞ்சா, அங்க இருக்கறவங்க யாருன்னே தெரியாட்டாலும் வணக்கம் சொல்லணும். நீ இருக்கிற பக்கம் "க்ரூஸ் காட்" போதும். நீ சொல்லாம தலையைக் குனிஞ்சு போனீன்னா, இந்தப் பையனுக்கு நம்மளைப் பிடிக்கலை போலன்னு அவங்க நினைச்சுக்கிடுவாங்க. ரெண்டு பக்கமும் இப்படியே நினைச்சு வருசக்கணக்கா ஒரே மாடியில குடியிருக்கிறவங்களை நான் பாத்திருக்கேன்.

ஞாயிறு விசயம் கடைக்காரங்க சோம்பல் இல்ல. 1919-ல எழுதின வைமார்ங்கிற பழைய ஜெர்மன் அரசியல் சட்டத்துல ஞாயிறு ஓய்வு நாள்னு இருந்ததை, 1949-ல புதுச் சட்டம் எழுதும்போதும் அப்படியே சேர்த்துக்கிட்டாங்க. பெரிய ரயில்வே ஸ்டேஷன்ல, பெட்ரோல் பங்க்ல ஏதாவது கிடைக்கும், மத்தபடி பாலு, ரொட்டி எல்லாம் சனிக்கிழமையே வாங்கி வச்சிரு. ஞாயித்துக்கிழமை சுவத்துல ஆணி அடிக்காத. காலி பாட்டிலைக் கொண்டுபோய் தெருவுல பழைய கண்ணாடி போடுற தொட்டியில போடக்கூடாது, அந்தச் சத்தத்துக்கே ஆளு எட்டிப் பாப்பாங்க. தினமும் ராத்திரி 10-லேர்ந்து காலை 6 வரை மிக்ஸியைத் தொடாத.

நான் போய் இறங்கினது பனிக்காலத்து ஞாயித்துக்கிழமை. அம்மா கட்டிக் கொடுத்த மிக்சரையும் பைப்புத் தண்ணியையும் வச்சுத்தான் அன்னைக்கு ராத்திரி ஓடுச்சு. கொஞ்ச நாள் கழிச்சு என் கதவுல ஒரு காகிதம் ஒட்டியிருந்துச்சு. கீழ் வீட்டுப் பாட்டி எழுதினது. மரத்தளத்துல நான் வெறுங்காலோட குதிகாலை ஊணி நடக்கறது அவங்க தலைக்கு மேல இடிக்குதாம். எனக்குக் கொதிச்சுது. மூஞ்சிக்கு நேரா சொன்னா என்ன? பெறகு பாத்தா மூணாவது மாடியில இருந்த ஜெர்மன்காரர் கதவுலயும் அதே கையெழுத்துல ஒரு காகிதம். மூஞ்சிக்கு நேரா சொன்னா எதிராளிக்குச் சங்கடம்னு எழுதி ஒட்டுதாங்க. கனத்த காலுறை வாங்கிப் போட்டுக்கிட்டேன், அதோட அது தீர்ந்துச்சு.

அந்தப் பாட்டியால எனக்கு நடந்த நல்லது படிக்கட்டுலதான் ஆரம்பிச்சுது. உன் கதவுல ஒரு நாள் சின்னப் பலகை ஒண்ணு தொங்கும். அதை "கேர்வோஹே"ன்னு சொல்லுவாங்க, கூட்டுற வாரம்னு அர்த்தம், ஸ்டுட்கார்ட் பக்கத்து வழக்கம். பலகை தொங்குற வாரம் உன் மாடியிலேர்ந்து கீழ்மாடி வரை படி கூட்டித் துடைக்கிறது உன் பொறுப்பு. வாசல் நடை, நிலவறை, பனி அள்ளுறது எல்லாம் சேந்த இன்னொரு முறையும் சில கட்டிடத்துல சுத்தி வரும். எனக்குப் பலகை வந்த அன்னைக்குப் பாட்டி மேலே ஏறி வந்து, கைப்பிடிக் கம்பியோட அடிப்பக்கத்துல விரலை வச்சு இழுத்து, கறுப்பா இருந்த விரல் நுனியை என் முகத்துக்கு நேரா நீட்டினாங்க. ஒரு வார்த்தை பேசல. நான் வாளியில வெதுவெதுப்பாத் தண்ணி எடுத்து, துணியைச் சொட்டில்லாமப் பிழிஞ்சு, மேல்படியிலேர்ந்து மூலை மூலையாத் துடைச்சு, கம்பியை அடியும் மேலும் துடைச்சுக் கீழே இறங்கினேன். எங்க அம்மா விடியறதுக்கு முன்ன நடையைப் பெருக்கித் தெளிக்கறதைப் பாத்து வளந்தவன் நான், கூடமாட வாரியல் பிடிச்சவன். அந்த வேலை எனக்குப் புதுசில்ல. பாட்டி கீழ்ப்படியில நின்னு பாத்துட்டு, யாரு சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேட்டாங்க. அம்மான்னேன். அன்னையிலேர்ந்து படியில நின்னு பேசுவாங்க, அவங்க பேசுற சுவாபிய வட்டார ஜெர்மன்லதான் என் காது பழகுச்சு. செப்டம்பர்ல தோட்டத்துப் பிளம்ஸ் பழத்தைக் காகிதப் பையில போட்டுக் கதவுல மாட்டி வைப்பாங்க. ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் மிஞ்சி எந்திரிக்க முடியாம கிடந்தப்ப 116117-க்குப் போன் போட்டு டாக்டரை வரவழைச்சது அவங்கதான். அந்த எண்ணை எழுதி வச்சுக்கோ. ராத்திரியிலயும் லீவு நாள்லயும் டாக்டர் வேணும்னா அதுதான். உயிர் போற அவசரம்னா 112.

இதே படிக்கட்டு விசயத்துலதான் நம்மாளுங்க மேல எனக்குத் தீராத கோவம். "இஞ்சினியரா வேலைக்கு வந்தோமா, படி கூட்ட வந்தோமா?"ன்னு என் காதுபடக் கேட்டிருக்காங்க. கூட்டாமலே பலகையைக் கழட்டி அடுத்த வீட்டுக் கதவுல மாட்டிட்டுப் போனவங்களும் உண்டு. கூட்டுறது இன்னார் வேலைங்கிற நினைப்பு ஊர்லேர்ந்து கூடவே வருது. எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுக்காரர், அப்படி ரெண்டு குடித்தனம் இருந்து போன பெறகு இந்தியாக்காரங்களுக்கு வீடு விடுறதையே நிறுத்திட்டாரு. அவரு செய்யறது சரின்னு நான் சொல்லல. ஆனா அதுக்குப் பெறகு வந்த பையன்கள்ல நல்லவங்களும் வீடு கிடைக்காம அலைஞ்சாங்க.

இன்னொண்ணும் வரும், எச்சரிக்கையா இரு. பொங்கல் விழா, தீபாவளி விழான்னு ஒரு கூடுகையில போய் நிப்ப. திருநெல்வேலியான்னு ஆசையாத்தான் ஆரம்பிப்பாங்க. ஊர் சொன்னா எந்தத் தெரு, தெரு சொன்னா குலதெய்வம் எது, அதுக்கும் பிடி கிடைக்கலைன்னா அப்பா யாருக்குச் சொந்தம்னு நோண்டுவாங்க. பதில் தெரிஞ்ச பெறகு அவங்க உக்காருற இடம் மாறும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கையில கலர்க் கயிறு கட்டி வெட்டிக்கிட்டுச் சாகுற ஜில்லாவிலேர்ந்து போயிருக்கோம், போன இடத்துலயாவது அதைத் தொலைச்சுத் தலைமுழுகாண்டாமா? தெருப் பேரைச் சொல்லாத. சேரன்மாதேவின்னு சொல்லு, மேல கேட்டா ஆத்தங்கரைன்னு சொல்லு.

காகித விசயத்துக்கு வாரேன். ரேடியோவுக்குப் பணம் கேட்டு வந்த கடுதாசியை, என்கிட்ட ரேடியோவே இல்லையேன்னு கிழிச்சுப் போட்டதா எழுதியிருக்க. அதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு இருப்புக் கொள்ளல. ரேடியோ, டிவி இருந்தாலும் இல்லாட்டாலும் ஒரு வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ கட்டியாகணும், சட்டம் அது. ஆனா ஆளுக்கு ஆள் கிடையாது, வீட்டுக்கு ஒண்ணுதான். உன் கூட இருக்கற பையன் கட்டுறான்னா அவனோட எண்ணைக் குறிச்சுப் பதில் எழுதினாப் போதும். பதிலே எழுதாம விட்டா அபராதம் சேந்துக்கிட்டே போகும். மறுபடி அனுப்புவாங்க, அப்ப எழுது.

மஞ்சள் உறையில தபால் வந்தா அன்னைக்கே பிரிச்சிரு. நம்ம ஊர்ல மஞ்சள் தடவி வந்தா கல்யாணப் பத்திரிகை, அங்க மஞ்சளா வந்தா கோர்ட்டோ அரசாங்கமோ. எந்தத் தேதியில பெட்டியில போட்டேன்னு தபால்காரர் உறை மேலயே எழுதியிருப்பாரு. அந்தத் தேதியிலேர்ந்துதான் கெடு ஓடும், பெரும்பாலும் 2 வாரம். உறையைத் தூரப் போட்டுராத.

தபால் பெட்டியில உன் பேரு ஒட்டியிருக்கான்னு பாரு. பேரு இல்லைன்னா தபால் திரும்பிப் போயிரும். நமக்குக் குடும்பப் பேருன்னு ஒண்ணு கிடையாது, பாஸ்போர்ட்ல அப்பா பேரு அந்தக் கட்டத்துல உக்காந்திருக்கும். அப்பா சுடலைமுத்துன்னா அங்க நீதான் சுடலைமுத்து. ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லா இடத்துலயும் அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. பெட்டியிலயும் அதைத்தான் ஒட்டணும்.

குடிபோன 2 வாரத்துக்குள்ள நகர அலுவலகத்துல விலாசம் பதிஞ்சாகணும், அதுக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட காகிதம் வேணும். நம்மாளுங்க சிலர் தன் பேர்ல ஒரு வீடு எடுத்து, அறைக்கு நாலு பேரை அடைச்சு, தலைக்கு இவ்வளவுன்னு வசூலிச்சுக்கிட்டு, அந்தக் காகிதம் மட்டும் தர மாட்டாங்க. பதிவு இல்லாட்டா வரி எண் வராது, சம்பளத்துல வரியைக் கூடுதலாப் பிடிச்சிருவாங்க. ஊர்க்காரன்னு நம்பி அப்படி உள்ள போயிராத. அட்வான்ஸும் அப்படித்தான். சூடாக்குறது, தண்ணி மாதிரிச் செலவெல்லாம் சேக்காத வாடகையில மூணு மாசத்துக்கு மேல யாரும் கேக்க முடியாது, அதையும் மூணு தவணையாக் கொடுக்க உனக்கு உரிமை இருக்கு. வெளிநாட்டுல இருக்கேன், பணத்தை அனுப்பு, சாவியைத் தபால்ல அனுப்புதேன்னு சொல்லுறவன் திருடன்.

மனுசத் துணைக்கு ஏங்கினா ஈழத்துக்காரங்க கடைக்குப் போ. 1983-க்குப் பெறகு உடுத்தின துணியோட வந்து, ஓட்டல்ல பாத்திரம் கழுவி, பிள்ளைகளைப் படிக்க வச்சவங்க. எங்களை மாதிரி விசாவும் வேலையும் கையில வச்சுக்கிட்டு வந்தவங்க இல்ல. மொழி தெரியாம நின்ன எனக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுத்தது அப்படிப்பட்ட ஒரு கடைக்கார அக்காதான். அவங்க தமிழைக் கேலி பண்ணுற நம்மூர்ப் பையன்களைக் கண்டா எனக்கு ஆகாது. ஹம் நகரத்துல அவங்க எழுப்பி 2002-ல குடமுழுக்குச் செஞ்ச காமாட்சியம்மன் கோயில் இருக்கு. கோடையில தேரோட்டம், ஆயிரக்கணக்குல கூடுவாங்க. ஆனித் தேருக்கு நெல்லையப்பர் கோயில் ரத வீதியில வடம் பிடிச்ச கைக்கு அது தேவைப்படும்.

எதுத்த வீட்டுக்காரர் பேரு தெரியலைன்னியே, அவரு வந்து விசாரிப்பாருன்னு காத்திருக்காத. அங்க புதுசாக் குடிவந்தவங்கதான் போய் மணியடிச்சு அறிமுகம் செஞ்சுக்கிடணும். சனிக்கிழமை சாயங்காலமாப் போ, மத்தியானம் 1-லேர்ந்து 3 வரை வேண்டாம், கண்ணசர்ற நேரம். பேரைச் சொல்லு, எந்த மாடின்னு சொல்லு, புதுசா வந்திருக்கேன், ஏதாவது சத்தம் கித்தம் தொந்தரவா இருந்தாச் சொல்லுங்கன்னு சொல்லு. உள்ள கூப்பிட மாட்டாங்க. வாசல்லயே ரெண்டு நிமிசம் பேசிட்டு வந்துரு.