கேட்டீர்கள், சொல்கிறேன்

கேள்வி: என் புரோகிராமில் இரண்டு த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலைகள்), இரண்டுக்கும் ஒரே கவுண்டர். ஒவ்வொன்றும் 1,00,000 முறை ஒன்று கூட்டினால் 2,00,000 வர வேண்டுமே? ஓட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண், எல்லாமே குறைச்சல். நடுவில் பிரிண்ட் போட்டால் சரியாக வருகிறது. பேய் பிடித்திருக்கிறதா?

பதில்: பேயெல்லாம் இல்லை. நீங்கள் ஒரு வரியில் எழுதிய கூட்டல், பிராசஸருக்கு மூன்று வேலை: மெமரியிலிருந்து எடு, ஒன்று கூட்டு, திருப்பி எழுது. முதல் த்ரெட் 41-ஐ எடுக்கிறது. அது எழுதி முடிப்பதற்குள் இரண்டாவதும் அதே 41-ஐ எடுத்துவிட்டால் இரண்டுமே 42 என்றுதான் எழுதும். ஒரு கூட்டல் அம்போ! பிரிண்ட் போட்டதும் வேகம் குறைந்து மோதல் அபூர்வமாகிறது, அவ்வளவுதான். ஸ்லீப் போட்டு த்ரெட்டைக் கொஞ்ச நேரம் தூங்க வைக்கும் வைத்தியமும் இதே ரகம். என்னிடம் ரிவ்யூவுக்கு வந்தால் மேலே படிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன். எடுப்பதற்கு முன் லாக், எழுதிய பின் அன்லாக் போடுங்கள்; லாக் ஒருவர் கையில் இருக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். வெறும் எண்ணிக்கைதான் என்றால் அட்டாமிக் கூட்டலே போதும்; மூன்று வேலையும் இடையில் யாரும் புக முடியாத ஒரே வேலையாக நடக்கும். எத்தனை பேர் போட்டியிட்டாலும் ஒரு நேரத்தில் ஒருவரே உள்ளே போவதற்கான வழியை கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1965-லேயே ஒரு பக்கக் கட்டுரையில் எழுதிவிட்டார்.

கேள்வி: லாக் போட்டேன். இப்போது புரோகிராம் அசையவே மாட்டேன் என்கிறது.

பதில்: இரண்டு லாக் இருக்குமே? ஒரு த்ரெட் 'அ'வைப் பிடித்துக்கொண்டு 'ஆ'வுக்குக் காத்திருக்கும், மற்றது நேர்மாறாக. இரண்டும் விடாது, இரண்டும் நகராது. எல்லா இடத்திலும் லாக்குகளை ஒரே வரிசையில் எடுங்கள்.

கேள்வி: டெஸ்ட் எல்லாம் பாஸ். இன்னும் என்ன பயம்?

பதில்: 1997 ஜூலை 4-ல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலமும் டெஸ்ட் தாண்டிப் போனதுதான். சில நாளில் அதன் கணினி தானாகவே ரீசெட் ஆகத் தொடங்கியது. வானிலைத் தகவல் சேர்க்கும், முன்னுரிமை குறைந்த டாஸ்க் (வேலை) ஒரு ம்யூடெக்ஸைப் (அதுவும் ஒரு லாக்தான்) பிடித்திருந்தது. முன்னுரிமை மிகுந்த டாஸ்க் அதற்காகக் காத்திருந்தது. நடுத்தரமான ஒன்று புகுந்து, லாக் வைத்திருந்ததை ஓடவே விடவில்லை. முக்கிய வேலை நேரத்துக்கு முடியாததைக் கண்டதும் கணினி ரீசெட். காத்திருப்பவரின் முன்னுரிமையை லாக் வைத்திருப்பவருக்குத் தற்காலிகமாகத் தரும் வசதி அந்த ம்யூடெக்ஸிலேயே இருந்தது, அணைத்து வைத்திருந்தார்கள்! பூமியிலிருந்தே அதைப் போட்டுவிட்டார்கள், ரீசெட் நின்றது. இறங்குவதற்கு முன்பே இது தலைகாட்டியிருக்கிறது. தேடியபோது மறுபடி வரவில்லை. உங்கள் டெஸ்டிலும் எப்போதாவது ஃபெயிலாகி, திரும்ப ஓட்டினால் பாஸாவது ஒன்று இருக்கும். முதலில் அதைப் பிரித்துப் பாருங்கள்.