சாப்பாட்டைப் பதிவு பண்ற ஆப்பை யூஸ் பண்ண ஈஸியா மாத்தணும்னா எதுல ஆரம்பிக்கணும்?

மொதல்ல கலரு, லோகோ எதையும் தொடாதீங்க, ஒரு வேளை சாப்பாட்ட பதிவு பண்ண எத்தன தடவ தட்ட வேண்டியிருக்குன்னு எண்ணுங்க. ஒரு கைல ஸ்பூன் இருக்கும், இன்னொரு கை கட்டைவிரல்லதான் போன ஓட்டணும், அப்போ தேடுற பெட்டி காலியா நிக்காம நேத்து இதே நேரத்துக்கு சாப்பிட்டது மேல வந்தாலே பாதி வேலை முடிஞ்சிரும். கிராம் மட்டும் கேக்காதீங்க, கப்பு, துண்டுன்னும் குடுங்க. பட்டன் சைஸுக்கு ஆப்பிள் 44 பாயின்ட், கூகுள் 48 டிபி (ரெண்டும் ஸ்கிரீன்ல சைஸ் அளக்குற அலகு) சொல்றாங்க, அதுக்குக் கீழ போகாதீங்க. கலோரி தாண்டினா சிவப்புல காட்டுறது எனக்குச் சுத்தமா பிடிக்கல, மனசு நொந்து ஆப்பையே தூக்கிடுவாங்க. அப்புறம் அஞ்சு பேர்கிட்ட குடுத்து, வாயத் தொறக்காம பக்கத்துல உக்காந்து எங்கெங்க விரல் தயங்கி நிக்குதுன்னு குறிச்சுக்கோங்க.