தப்பு மேளம் ஓடும்போது மெஷின் என்ன செய்வது?

அன்பின் ஐயாவுக்கு,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் நான்கு பேர். இரண்டு தப்பு, ஒரு கீபோர்ட், நான் டிரம் மெஷின். என்னிடம் இருப்பது பாவித்த எலெக்ட்ரோன் டிஜிடாக்ட், 2017இல் வந்த முதல் மொடல். வரும் மாசியில் காமன் கூத்து முடிந்த பிறகு தோட்டத்து மைதானத்தில் முக்கால் மணி நேரம் வாசிக்கப் போகிறோம். ஒத்திகையில் மூன்று சிக்கல். தப்புக்காரர்கள் சூடேறியதும் வேகம் கூடுகிறது, மெஷின் பின்னால் நின்றுவிடுகிறது. ஹெட்போனில் நெஞ்சை இடிக்கும் கிக் (ஆழமான பெரிய மேள ஒலி), மரத்தில் கட்டும் லவுட்ஸ்பீக்கரில் காணாமல் போகிறது. லப்டொப்பை இணைத்தால் ஒரே இரைச்சல். பேசாமல் எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டு ஓட விடலாமா?

— ஒரு வாசகர்

அன்பின் தம்பிக்கு,

பென்டிரைவ் வேண்டாம். அதில் ஓடத் தொடங்கிய பாட்டை நடுவில் தள்ளவும் முடியாது, இழுத்துப் பிடிக்கவும் முடியாது. உங்கள் மெஷினில் இரண்டும் முடியும்.

முதலில் வேகம். நிமிடத்துக்கு 120 அடி என்று தொடங்கிய தப்பு ஒரு நிமிடத்துக்குள் சீராக ஏறி 126ஐத் தொட்டால், அந்த நிமிடம் முடியும்போது அவர்கள் உங்களைவிட மூன்று தாள அடி முன்னே நிற்பார்கள். இதில் தப்புக்காரர் மேல் ஒரு பிழையும் இல்லை. கூத்து ஏறும் இடத்தில் அடியும் ஏறத்தான் வேண்டும். அவர்கள் காதில் கிளிக் (தாளம் காட்டும் டிக் டிக் ஒலி) போட்டுக் கட்டிவைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அந்த ஏற்றத்தைக் கேட்கத்தானே சனம் பனியில் நிற்கிறது. காலத்தைத் தப்பிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் போங்கள்.

அப்படிப் போவதற்கு மெஷினில் சத்தங்களைக் குறைக்க வேண்டும். 120இல் ஒரு அடியை நாலாகப் பிரித்தால் 125 மில்லிசெக்கன் இடைவெளி. ஹை-ஹட்டை (சிறு சிம்பல் ஒலியை) அப்படி நிரப்பி வைத்திருந்தால், 30 மில்லிசெக்கன் பிந்தினாலும் ஒவ்வொரு தப்படியும் இரட்டை இரட்டையாக விழுவது போலக் கேட்கும். அதே 30 மில்லிசெக்கன், வட்டத்துக்கு ஒன்றாக விழும் கிக்கில் யாருக்கும் தெரியாது. ஆகவே தப்பு வாசிக்கும்போது ஹட், ஸ்னேர், கிளப் (கைதட்டல் ஒலி) மூன்றையும் மியூட்டில் வையுங்கள். கிக்கும் இழுத்து நிற்கும் ஏதாவது ஒரு ஒலியும் போதும். தப்பு ஓயும் இடங்களில் மற்றதைத் திறக்கலாம்.

அடுத்தது கைவேலை. டெம்போ மெனுவில் வேகத்தை முதலில் குளோபலுக்கு மாற்றுங்கள். பெட்டனுக்கு (மெஷினில் அமைத்த ஒரு அடி வரிசைக்கு) ஒரு வேகம் என்று விட்டால், அடுத்த பெட்டனுக்குப் போனதும் நீங்கள் பிடித்த வேகம் பறிபோகும். டெம்போ பொத்தானைப் பிடித்துக்கொண்டு இடது, வலது அம்புக்குறியை அழுத்தினால் வேகம் பத்து வீதம் குறையும் அல்லது கூடும், விட்டதும் பழைய இடத்துக்கு வரும். 120இல் அரை அடி பிந்திவிட்டீர்கள் என்றால் வலது அம்பை இரண்டரை செக்கன் பிடிக்க வேண்டும். இடம் சேர்ந்ததும் ஃபங்ஷனைப் பிடித்து டெம்போவை நாலு தரம் தப்போடு தட்டினால் புதிய வேகம் நிலைக்கும். இடம் சேர்ப்பது ஒரு வேலை, வேகம் சேர்ப்பது இன்னொரு வேலை. ஒன்றை மட்டும் செய்தால் எட்டு வட்டத்துக்குள் மறுபடி விலகும். இந்த இரண்டையும் பொத்தானைப் பார்க்காமல் கை செய்யும்வரை பழகுங்கள். உச்சக்கட்டத்தில் இதுவும் பத்தாது. அப்போது சீக்வென்சரை (அடிகளைத் தானாக ஓட்டும் பகுதியை) நிறுத்திவிட்டு கிக்கை விரலால் அடியுங்கள்.

வேகம் விலகவில்லை, நீளம்தான் பிழை என்றும் இருக்கலாம். தப்பில் மும்மூன்றாகப் போகும் அடிகள் உண்டு. அவற்றுக்கு ஒரு வட்டம் 12 படி (பெட்டனின் சிறு கட்டம்), பெட்டன் நீளம் 12 அல்லது 24. அது 16இல் நின்றால் தப்பும் மெஷினும் 48 படிக்கு ஒருமுறைதான் ஒன்றாக விழும். நடுவில் எல்லாம் குழம்பியது போலவே இருக்கும்.

தப்பொலியைப் பதிந்து மெஷினில் வைத்திருந்தால், மேடைக்கு ஏறுமுன் அதன் சுருதியைப் பாருங்கள். மாசிப் பனியில் தோல் தளர்ந்து ஒலி இறங்கும், நெருப்பில் காய்ச்சியதும் ஏறும். காய்ச்சி முடித்த தப்பை ஒருமுறை அடிக்கச் சொல்லி, ஹெட்போனில் உங்கள் ஒலியைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். டியூன் திருகியை ஒரு அரைச்சுரம் அப்படி இப்படித் திருப்பினாலே அநேகமாகச் சேரும். திரும்பக் காய்ச்சும்போது திரும்பப் பாருங்கள்.

கிக் காணாமல் போவதற்கு வருகிறேன். 1980இல் ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷின் கொண்டுவந்த அந்த ஆழமான கிக்கின் அடிச்சுரம் 50 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. மரத்தில் கட்டும் லவுட்ஸ்பீக்கர் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஒன்றும் தராது. சவுண்ட்காரரிடம் சத்தத்தைக் கூட்டச் சொன்னால் ஸ்பீக்கர்தான் கிழியும். 1983இல் வந்த டிஆர்-909 மாதிரி தொடக்கத்தில் 'டக்' என்று ஒரு கடி உள்ள கிக்கை எடுங்கள். டியூனை ஒரு ஒக்டேவ் ஏற்றி, மெஷினில் ஏம்ப் என்ற திரையில் ஓவர்டிரைவ் கூட்டுங்கள். கரகரப்பு மேல் சுரங்களைப் பிறப்பிக்கும். அவை காதில் விழுந்தால் இல்லாத அடிச்சுரத்தைக் காதே கட்டிக்கொள்ளும். பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒரு சோடி வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள், செலவழிக்க வேண்டிய இடம் அதுதான். கம்ப்ரெஸரை (உரத்த ஒலியை அமுக்குவது) கொஞ்சமாக வையுங்கள். அது அழுத்தமாக இருந்தால், கிக்கை மியூட் பண்ணியதும் மற்ற எல்லாம் திடீரென்று மேலே பாயும். ரிவெர்ப் வேண்டவே வேண்டாம், அதை எதிர்மலை தரும். 85 மீற்றரில் ஒரு மண்மேடோ ஸ்டோர்ச் சுவரோ இருந்தால் ஒலி போய்த் திரும்ப அரைச் செக்கன், அதாவது 120இல் சரியாக ஒரு அடி. மைதானத்தில் கைதட்டிப் பார்த்து, எதிரொலி அடியில் விழும் வேகத்தில் தொடங்கினால் அந்த மலையும் உங்களோடு வாசிக்கும்.

இரைச்சல், லப்டொப் சார்ஜரும் மிக்சரும் வேறு வேறு வழியில் எர்த் ஆகி யூஎஸ்பி வயரில் சந்திப்பதால் வருவது. மேடையில் லப்டொப்புக்கு வேலை இல்லை, கழற்றிவிடுங்கள். கீபோர்டை மிடி வயரால் இணையுங்கள், கடிகாரம் (வேகத்தைச் சொல்லும் சைகை) மெஷினிலிருந்து மட்டும் போகட்டும். மெஷினுக்கு 12 வோல்ட், 2 ஆம்பியர் போதும். 12 வோல்ட் தருவதாக எழுதியிருக்கும் 20,000 எம்ஏஎச் பவர்பேங்கும் அதற்கான டிரிகர் வயரும் (பவர்பேங்கிடம் 12 வோல்ட் கேட்டு வாங்கும் வயர்) இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். கரண்ட் போனாலும், ஜெனரேட்டர் தள்ளாடினாலும் மெஷின் அணையாது. டிரிகர் வயரின் முனையில் நடுப்பக்கம் பொசிட்டிவ் என்பதை மீற்றரால் பார்த்த பிறகே செருகுங்கள். கிட்டார் பெடல் அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு எதிர்மாறு.

பனிக்கு ஒரு வார்த்தை. மாலையிலேயே போட்டு வைத்தால் மெஷின் தன் சூட்டிலேயே காய்ந்திருக்கும், மேலே ஒரு துணி போட்டால் போதும். குளிர்ந்த மெஷினை ஆட்கள் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுபோனால் உடனே போடக்கூடாது. உள்ளே நீர் கோர்க்கும். பையை மூடியபடி ஒரு மணி நேரம் வையுங்கள்.

தப்புக்காரர்களோடு ஒரு சைகையும் பேசி வையுங்கள். மெஷின் நின்றால் நீங்கள் கையை உயர்த்த வேண்டும், அவர்கள் அடியை விடக்கூடாது. மெஷின் திரும்ப எழும்பியதும் எல்லாவற்றையும் மியூட்டில் வைத்து, நாலு தரம் தட்டி வேகம் எடுத்து, கிக்கை மட்டும் திறந்து உள்ளே வாருங்கள்.