கணக்கு எங்கேயோ இடிக்குதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கம்பெனிக்குள் நடக்கும் மோசடி, லஞ்சம், விதிமீறல் பற்றி வந்த கேள்விகளில் அடிக்கடி திரும்பி வந்தவற்றை எடுத்துக்கொண்டேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் வக்கீலிடம் கேட்க வேண்டியதை வக்கீலிடமே கேளுங்கள்.

கேள்வி: எங்கள் கணக்காளர் பல வருடமாக இருக்கிறார். லீவே எடுக்க மாட்டார், தங்கமான மனிதர். புதிதாகச் சோதனை, கட்டுப்பாடு என்று ஆரம்பித்தால் அவரை அவமானப்படுத்துவது போல ஆகாதா?

லீவே எடுக்க மாட்டார் என்பதை நீங்கள் பாராட்டாக எழுதியிருக்கிறீர்கள். ஆடிட் பார்ப்பவர்களுக்கு முதலில் உறுத்துவதே அதுதான். அவர் திருடுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் பிரிவில் நடக்கும் மோசடி பெரும்பாலும் தினமும் கவனிப்பு கேட்கும். ஒரு வாடிக்கையாளர் கட்டிய பணத்தை எடுத்தவர் அடுத்த வாடிக்கையாளர் கட்டியதைக் கொண்டு அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும், அதை நிரப்ப இன்னொருவருடையது, வங்கி ஸ்டேட்மென்ட் வந்தால் வேறு யாரும் பிரிப்பதற்குள் தான் பிரிக்க வேண்டும், சப்ளையர் போன் செய்தால் தானே எடுக்க வேண்டும். இரண்டு வாரம் சீட்டில் இல்லாவிட்டால் குட்டு உடைந்துவிடும்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் என்ற சிறு நகரம். அங்கே நகராட்சிக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்த ரீட்டா கிரண்ட்வெல் 1990 முதல் 2012 வரை 5.3 கோடி டாலருக்கு மேல் சுருட்டினார். அத்தனை வருடமும் ஆடிட் நடந்துகொண்டுதான் இருந்தது. அவர் நீண்ட விடுப்பில் போயிருந்தபோது, அவர் வேலையைப் பார்த்த இன்னொரு ஊழியர் வங்கியிடம் எல்லாக் கணக்குகளின் ஸ்டேட்மென்டையும் கேட்டார். யாருக்கும் தெரியாத ஒரு கணக்கு நகராட்சியின் பெயரிலேயே அதில் இருந்தது.

அதனால் விதியை ஆளுக்கு என்று போடாமல் சீட்டுக்கு என்று போடுங்கள். பணத்தைத் தொடுகிற எவரும் வருடத்தில் ஒருமுறை இரண்டு வாரம் தொடர்ச்சியாக லீவில் போக வேண்டும், அந்த நாட்களில் வேலையை வேறொருவர் முழுதாகச் செய்ய வேண்டும், வீட்டிலிருந்தே சிஸ்டத்துக்குள் வந்து "கொஞ்சம் பார்த்துக்கொள்வது" கூடாது. சப்ளையரைச் சிஸ்டத்தில் சேர்ப்பவரும் அவருக்குப் பணம் அனுப்புபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. நாலு பேர் உள்ள சின்ன ஆபீஸில் இப்படிப் பிரிக்க ஆள் இல்லை என்றால், வங்கி ஸ்டேட்மென்ட் மட்டுமாவது நேராக முதலாளி கைக்கு வரட்டும், மாதம் அரை மணி நேரம் அவரே வரி வரியாகப் பார்க்கட்டும். நாளை பணம் குறைந்தால் முதல் சந்தேகம் யார் மேல் விழும், அப்போது அவர் பக்கம் பேச என்ன இருக்கும் என்று அந்தக் கணக்காளரிடம் எடுத்துச் சொன்னால், நேர்மையானவர் உங்களை விட வேகமாக இதற்கு ஒப்புக்கொள்வார்.

கேள்வி: நடத்தை விதி புத்தகம் போட்டு, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, ஆன்லைன் பயிற்சியும் முடித்தாயிற்று. இது போதுமா?

போதாது. என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி கம்பெனியிடம் 64 பக்க நெறிமுறைப் புத்தகம் இருந்தது, தலைவரின் முன்னுரையோடு. அது 2000ஆம் ஆண்டு வந்த பதிப்பு. 2001 டிசம்பரில் கம்பெனி திவால்.

உங்கள் விதி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: போன வருடம் அந்த விதியைக் காட்டி எந்த லாபகரமான ஆர்டரை விட்டீர்கள், எந்தப் பெரிய ஆளைக் கண்டித்தீர்கள்? கீழே இருக்கிற கிளார்க் மட்டும்தான் மாட்டியிருக்கிறார் என்றால் ஊழியர்கள் புத்தகத்தைப் படிக்காமலே விஷயத்தைப் புரிந்துகொண்டிருப்பார்கள்.

கேள்வி: விற்பனைப் பிரிவில் எல்லாரும் நல்லவர்கள்தான், டார்கெட் மட்டும் கொஞ்சம் கூடுதல். அதில் என்ன ஆபத்து?

வெல்ஸ் ஃபார்கோ வங்கியைப் பாருங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் இத்தனை கணக்கு விற்றாக வேண்டும் என்று நெருக்கியதில், வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்துவிட்டார்கள். 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம், ஏறக்குறைய 5,300 ஊழியர்கள் வேலை இழந்தார்கள். ஐயாயிரம் பேரும் கெட்டவர்களாகவே வந்து சேர்ந்தார்கள் என்று நம்ப முடியுமா? அழுத்தம், வாய்ப்பு, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் என்று மோசடிக்கு மூன்று காரணம் சொல்வார்கள், டொனால்ட் கிரெஸ்ஸி என்ற அமெரிக்கக் குற்றவியல் அறிஞரின் ஆய்விலிருந்து வந்தது. மேலாளர்கள் வாய்ப்பைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறார்கள். அழுத்தத்தைக் கொடுப்பவர்கள் அவர்களே என்பதால் அது கண்ணில் படுவதில்லை போலிருக்கிறது.

கேள்வி: வெளிநாட்டு அரசு டெண்டர். உள்ளூர் ஏஜென்ட் ஒருவர் முடித்துத் தருவதாகச் சொல்கிறார், ஆர்டர் தொகையில் ஒரு சதவீதம் கேட்கிறார், வேறொரு நாட்டுக் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார். பரவாயில்லையா?

பரவாயில்லையா என்று என்னிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியதே, அங்கேயே பாதிப் பதில் இருக்கிறது.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2014இல் வெளியிட்ட அறிக்கையில் 427 வெளிநாட்டு லஞ்ச வழக்குகளை அலசினார்கள். நான்கில் மூன்றில் இடைத்தரகர் இருந்தார். ஜெர்மன் நிறுவனமான சீமென்ஸ் லஞ்ச வழக்கில் 2008இல் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்குமாகச் சேர்த்து சுமார் 160 கோடி டாலர் கட்டியதே, அங்கேயும் லஞ்சத்தில் பெரும்பகுதி ஆலோசனைக் கட்டணம் என்ற பெயரில்தான் போனது. லஞ்சம் என்று எழுதி யாரும் வவுச்சர் போடுவதில்லை.

அந்த ஏஜென்ட் உண்மையில் என்ன வேலை செய்யப் போகிறார் என்று ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பா, சுங்க வேலையா, விற்பனைக்குப் பின் சர்வீஸா? "எனக்கு ஆட்களைத் தெரியும்" என்பது மட்டும்தான் பதில் என்றால் நீங்கள் எதை வாங்குகிறீர்கள் என்பது தெளிவாகிவிட்டது. அவருடைய கம்பெனியின் உண்மையான சொந்தக்காரர் யார், டெண்டரை முடிவு செய்யும் அதிகாரிக்கு உறவா, அவரைப் பரிந்துரைத்ததே அந்த அதிகாரிதானா, இதற்கு முன் இந்தத் துறையில் எதையாவது செய்திருக்கிறாரா என்பதை ஒப்பந்தம் போடுவதற்கு முன் பாருங்கள். கட்டணம் செய்த வேலைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும், வேலை நடக்கும் நாட்டிலோ அவர் கம்பெனி இருக்கும் நாட்டிலோ அவர் பெயரில் உள்ள கணக்குக்கே போக வேண்டும், அவர் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது நாட்டுக் கணக்கு என்றால் நான் அங்கேயே எழுந்துவிடுவேன்.

"ஏஜென்ட் செய்தது எங்களுக்குத் தெரியாது" என்பதும் எடுபடாது. பிரிட்டனின் 2010 லஞ்சச் சட்டப்படி, உங்கள் சார்பில் வேலை செய்பவர் உங்கள் வியாபாரத்துக்காக லஞ்சம் கொடுத்தால், அதைத் தடுக்கத் தவறியதே கம்பெனியின் குற்றம். தகுந்த தடுப்பு ஏற்பாடுகள் இருந்தன என்று நிரூபிப்பதுதான் தப்பிக்கும் ஒரே வழி. பிரிட்டனில் தொழிலின் ஒரு பகுதியை நடத்தும் வெளிநாட்டுக் கம்பெனிக்கும் இது பொருந்தும். 2023இல் வந்த இன்னொரு சட்டம் இதே பாணியை மோசடிக்கும் கொண்டுவந்தது. பெரிய நிறுவனங்களுக்கு அது 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

கேள்வி: சரக்கு துறைமுகத்தில் நிற்கிறது. சின்னத் தொகை கொடுத்தால் இன்றே ஃபைல் நகரும். எங்கள் உரிமையைத்தானே கேட்கிறோம், இதுவும் லஞ்சமா?

அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டு வெளிநாட்டு ஊழல் தடுப்புச் சட்டம், வழக்கமான அலுவல் வேலையை வேகப்படுத்தக் கொடுக்கும் தொகைக்கு ஒரு விலக்கு வைத்திருக்கிறது. பிரிட்டன் சட்டத்தில் அந்த விலக்கு கிடையாது. வாங்கும் அதிகாரியின் சொந்த நாட்டுச் சட்டத்திலும் அது பொதுவாகக் குற்றமாகத்தான் இருக்கும். ஆக, ஒரு நாட்டில் தப்பினாலும் இன்னொரு நாட்டில் மாட்டலாம்.

அது கிடக்கட்டும், வியாபாரமாகவே பாருங்கள். ஒருமுறை கொடுத்தால் நீங்கள் கொடுக்கிற கம்பெனி என்று பெயர் வாங்கிவிடுவீர்கள், அப்புறம் தொகை ஏறும், மேஜைகளும் கூடும். விதி என்ன, ரசீது தருவீர்களா, உங்கள் மேலதிகாரி யார் என்று எழுத்தில் கேட்பதும், டெலிவரி அட்டவணையில் நாலு நாள் கூடுதலாக வைப்பதும்தான் நடைமுறையில் உதவுகிறது. அவசரம் தெரிந்த இடத்தில்தான் கை நீளும். உயிருக்கோ உடலுக்கோ மிரட்டல் என்றால் மட்டும் விஷயம் வேறு: கொடுத்துவிட்டு வாருங்கள், அன்றே மேலிடத்தில் சொல்லுங்கள், கணக்கில் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். இதர செலவு என்று மறைத்து எழுதினால் அது தனிக் குற்றமாகிவிடும்.

கேள்வி: பர்ச்சேஸில் யாரோ கமிஷன் வாங்குகிறார் என்று சந்தேகம். ஆதாரம் எதுவும் இல்லை. எங்கே தொடங்குவது?

கமிஷன் உங்கள் புத்தகத்தில் வராது, சப்ளையர் கையிலிருந்து நேராக அவர் கைக்குப் போகும். ஆனால் சப்ளையர் அதைத் தன் லாபத்திலிருந்து கொடுக்க மாட்டார். உங்கள் விலையிலோ, அளவிலோ, தரத்திலோ ஏற்றித்தான் எடுப்பார். தேட வேண்டியது அங்கே.

முதலில் சப்ளையர் பட்டியலையும் ஊழியர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வங்கிக் கணக்கு எண், போன் எண், முகவரி ஏதாவது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அசட்டுத்தனமான சோதனை மாதிரித் தெரியும், ஆனால் மாட்டுகிறார்கள். அடுத்து இன்வாய்ஸ் எண்கள்: ஒரு சப்ளையர் ஆறு மாதமாக 41, 42, 43 என்று வரிசையாக உங்களுக்கே பில் போடுகிறார் என்றால், உங்களைத் தவிர அவருக்கு வேறு வாடிக்கையாளரே இல்லை என்று அர்த்தம், அப்படி ஒரு கம்பெனி எதற்காக ஆரம்பிக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். ஒருவர் தனியாக 50,000 வரை ஒப்புதல் தரலாம் என்றால் 48,000, 49,500 என்று பில்கள் குவிகிறதா, ஒரே வேலை ஒரே வாரத்தில் மூன்று துண்டாக உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கொட்டேஷன்களில் எனக்குத் தனி ஆசை உண்டு. தோற்ற இரண்டு கொட்டேஷனிலும் ஒரே எழுத்துப்பிழை, ஒரே இடத்தில் கமா தவறு, மின்கோப்பின் விவரங்களைத் திறந்தால் மூன்றையும் உருவாக்கியது ஒரே கம்ப்யூட்டர் பெயர் என்று இருக்கும். குறைந்த விலைக்கு டெண்டரை எடுத்துவிட்டு, பிறகு "கூடுதல் வேலை" என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போவதும் ரொம்பப் பழைய வழி.

பென்ஃபோர்ட் விதி பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். இயல்பாக உருவாகும் தொகைகளில் முதல் இலக்கம் 1 ஆக இருப்பது சுமார் 30 சதவீதம், 9 ஆக இருப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு. மனிதர்கள் இட்டுக்கட்டும் எண்கள் பெரும்பாலும் இப்படி அமைவதில்லை. ஆயிரக்கணக்கான பில்கள் இருந்தால் எங்கே தோண்டலாம் என்று இது காட்டும், அவ்வளவுதான். நிலையான வாடகை, ஒரே விலைப் பொருள் போன்றவற்றில் உதவாது, இதை வைத்து யார் மேலும் குற்றம் சாட்டவும் முடியாது.

தயவுசெய்து அந்த நபரைக் கூப்பிட்டு "உண்மையைச் சொல்" என்று ஆரம்பிக்காதீர்கள். மறுநாள் காலைக்குள் பாதி மெயில் காணாமல் போயிருக்கும்.

கேள்வி: மேலதிகாரியின் குரலிலேயே போன் வருகிறதாம், வீடியோவில் முகமும் தெரிகிறதாம். எப்படித் தப்பிப்பது?

பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனமான அருப்பின் ஹாங்காங் ஊழியர் ஒருவர், வீடியோ கூட்டத்தில் தன் சக ஊழியர்களைப் பார்த்து நம்பி 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். கூட்டத்தில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் போலி உருவங்கள். 2024இல் வெளியே வந்த விஷயம் இது. முகத்தையும் குரலையும் உறுதிப்படுத்தும் வழியாக நினைப்பதை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே உங்களிடம் உள்ள எண்ணுக்கு நீங்களே திருப்பி அழைக்க வேண்டும், பெரிய தொகைக்கு இரண்டாவது ஆள் ஒப்புதல் வேண்டும், அவசரம், ரகசியம் என்று யார் சொன்னாலும், முதலாளியே சொன்னாலும், இதை மீறக் கூடாது.

கேள்வி: என் மேலாளரே போலி பில் போடுகிறார். சொன்னால் என் வேலை போய்விடும் என்ற பயம். என்ன செய்வது?

பயம் நியாயமானது. பயப்படாதீர்கள் என்று சும்மா சொல்ல மாட்டேன்.

மோசடிகள் எப்படி வெளியே வருகின்றன என்றால், யாரோ ஒருவர் சொல்வதால்தான். சான்றளிக்கப்பட்ட மோசடி ஆய்வாளர்கள் சங்கத்தின் 2024 அறிக்கையில் 43 சதவீதம் தகவல் கொடுத்ததால் பிடிபட்டவை, தகவல் தந்தவர்களில் பாதிக்கு மேல் ஊழியர்கள். உள் தணிக்கை பிடித்தது 14 சதவீதம்தான். என் தொழிலுக்கு இது பெருமை இல்லை, என்ன செய்ய.

நீங்கள் துப்பறிய வேண்டாம். வேலையில் இயல்பாகக் கண்ணில் பட்டதைத் தேதி, தொகை, பில் எண்ணோடு எழுதி வையுங்கள், அனுமானத்தைக் கலக்காதீர்கள். கம்பெனி ஆவணங்களை வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போகாதீர்கள், அதை வைத்தே உங்களைத் திருப்பி அடிப்பார்கள். மேலாளரைத் தாண்டிப் போகும் வழியில் சொல்லுங்கள், இயக்குநர் குழுவின் ஆடிட் கமிட்டியோ வெளியாள் நடத்தும் புகார் எண்ணோ. 2002இல் வேர்ல்ட்காம் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு கம்பெனியில் உள் தணிக்கைத் தலைவி சிந்தியா கூப்பர், ஆடிட்டைத் தள்ளிப்போடச் சொன்ன நிதித் தலைவரை மீறி ஆடிட் கமிட்டியிடம் போனதால்தான், செலவைச் சொத்தாக எழுதி மறைத்த 380 கோடி டாலர் வெளியே வந்தது. பிறகு அந்தத் தொகை இன்னும் பெருகியது.

இதைப் படிக்கும் முதலாளிகளுக்கு: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 விதிப்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனியில் புகார் வழி இருக்க வேண்டும், 7 நாளில் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், 3 மாதத்தில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாவிட்டாலும் இந்த அளவுக்காவது செய்யலாம். புகார் சொன்னவருக்கு மூன்று மாதமாகப் பதிலே வராவிட்டால் அடுத்தவர் வாயைத் திறக்க மாட்டார்.

கேள்வி: ஒருவரைப் பிடித்துவிட்டோம். பணத்தைத் திருப்பிக் கட்டி, ராஜினாமா செய்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறேன் என்கிறார். விட்டுவிடலாமா?

பெயர் கெட்டுவிடும் என்று பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள், அவர் நல்ல சான்றிதழோடு அடுத்த கம்பெனிக்குப் போய் அதே சீட்டில் உட்காருகிறார். போலீசுக்குப் போவதா வேண்டாமா என்பது தொகையையும் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பொறுத்தது. சில இடங்களில் தகவல் கொடுப்பது கட்டாயம். ஊழியர் மோசடிக்குக் காப்பீடு வைத்திருந்தால் முதலில் பாலிசியைப் படியுங்கள், குறித்த காலத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்காமல் நீங்களாகச் சமரசம் செய்துகொண்டால் பணம் வராமல் போகலாம். அவருடைய கம்ப்யூட்டரை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அப்படியே எடுத்துப் பூட்டி வையுங்கள்.

அவர் ஒப்புக்கொண்ட தொகையை முழுத் தொகை என்று நம்பவும் வேண்டாம். கையில் சிக்கியதை மட்டும்தான் முதலில் ஒப்புக்கொள்வார்கள். எப்படிச் செய்தார், எப்போது ஆரம்பித்தார், எந்தக் கட்டுப்பாடு அவரை நிறுத்தியிருக்க வேண்டும் என்பதை அவர் வாசலைத் தாண்டுவதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். வக்கீல் கூட இருக்கட்டும். பிறகு அவருடைய வவுச்சர்களை எடுத்து, இரண்டாவது கையெழுத்துப் போட்டவர் யார், அவர் அதை வாசித்துப் பார்த்தாரா என்று விசாரியுங்கள்.